இனுயிட் மக்களும் மருத்துவ முடிவுகளும்: ஒரு வரலாறு

1950இல் கனடா அரசு சி. டி. ஹோவ் என்ற கப்பலைக் கிழக்கு ஆர்க்டிக் கரைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. சரக்கும் தபாலும் ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலில் மருத்துவர்கள் எக்ஸ்ரே கருவியோடு பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் அது கரையோர ஊர்களில் நங்கூரமிடும். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களைக் கப்பலுக்கு வரவழைத்து மார்பைப் படம் எடுப்பார்கள். காசநோயின் தடம் தெரிந்தவர்கள் பலர் கரைக்குத் திரும்பவே விடப்படவில்லை. கைக்குழந்தையை யார் வளர்ப்பது, வேட்டைக்குப் போகிறவர் இல்லாத குடும்பத்துக்கு யார் சோறிடுவது என்று பேசிக்கொள்ளக்கூட நேரம் தரப்படவில்லை.

1956 வாக்கில் இனுயிட்டுகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தெற்குக் கனடாவின் மருத்துவமனைகளில் இருந்தார். ஹாமில்டன் நகரின் மவுண்டன் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மட்டும் 1958க்கும் 1962க்கும் இடையே 1,200க்கும் மேற்பட்ட இனுயிட்டுகள் சிகிச்சை பெற்றார்கள். அந்தச் சிகிச்சை பல உயிர்களைக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது. ஆனால் பலர் அங்கேயே இறந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்ற தகவல்கூடப் பல குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2019 மார்ச் 8 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட் நகரில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். நோயைச் சரியாகக் கண்டறிந்த மருத்துவம், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவமனை என்றாலே இனுயிட் முதியோர் பலரிடம் இன்றும் தென்படும் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிரசவத்திலும் இதே கதைதான் நடந்தது. 1970களிலிருந்து கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே விமானத்தில் தெற்கே அனுப்பப்பட்டார்கள். கணவரும் மூத்த பிள்ளைகளும் ஊரில் இருக்க, மொழி புரியாத இடத்தில் தனியாகப் பெற்றெடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்துவந்த மூதாட்டிகளுக்கு வேலையே இல்லாமல் போனது.

அதை மாற்றிய ஊர் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள புவிர்னிடுக். 1986இல் அங்கே இனூலித்சிவிக் மருத்துவ மையத்தில் பிரசவ விடுதி தொடங்கியது. உள்ளூர்ப் பெண்கள் தெற்கிலிருந்து வந்த மருத்துவச்சிகளோடு சேர்ந்து வேலை செய்தே தொழிலைக் கற்றார்கள். சிசேரியன் செய்ய அங்கே வசதி இல்லை. பனிப்புயல் அடித்தால் விமானமும் வராது. இந்த ஆபத்தை ஊரார் அறிந்தே ஏற்றார்கள். ஊரிலேயே பெறலாமா, தெற்கே போக வேண்டுமா என்பதை, மருத்துவச்சிகள் முன்னின்று நடத்தும் ஒரு குழு மருத்துவர்களோடும் செவிலியரோடும் சேர்ந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக ஆராய்ந்தது. தாயின் குடும்பச் சூழலும் அந்த ஆராய்ச்சியில் இடம்பெற்றது. 1998இல் இனுக்ஜுவாக்கிலும் 2004இல் சல்லுயிட்டிலும் இதே முறை வந்தது. சேர்ந்து முடிவெடுப்பது சாத்தியம் என்பதற்கு இது வலுவான சான்று.

பல்கலைக்கழகங்கள் இதே எண்ணத்துக்கு வேறு வழியில் வந்தன. 1997இல் கேத்தி சார்ல்ஸ், அமிராம் காஃப்னி, டிம் வேலன் ஆகியோர் கூட்டு முடிவின் இலக்கணத்தை வரையறுத்தார்கள்: குறைந்தது இருவர் பங்கேற்க வேண்டும், இருபுறமும் தகவல் பரிமாற வேண்டும், இருவரும் ஒரே முடிவுக்கு இணங்க வேண்டும். அவர்கள் பணியாற்றிய மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருப்பதும் அதே ஹாமில்டன் நகரில்தான். அதே காலத்தில் ஒட்டாவாவில் அன்னெட் ஓ'கானர் குழு, நோயாளி தன் முடிவை யோசித்துப் பார்க்க உதவும் வழிகாட்டியை உருவாக்கியது. வழிகளின் நன்மை தீமைகளோடு, இந்த முடிவில் வேறு யாருக்குப் பங்குண்டு என்றும் அது கேட்கிறது.

கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டின் பாஃபின் பகுதியிலிருந்து புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெற ஒட்டாவாவுக்கே வர வேண்டியிருப்பதால், அங்கே இந்த வழிகாட்டியை இனுயிட்டுகளுக்கு ஏற்ப மாற்றும் வேலை நடந்தது. ஜேனட் ஜல் என்ற ஆய்வாளர் இனுயிட் மக்களோடு சேர்ந்தே இதைச் செய்தார். எல்லோரும் பேசி இணங்கும்வரை பொறுப்பது இனுயிட் மரபு. 1999இல் உருவான நுனாவுட் அரசு அதைத் தன் கொள்கைகளில் ஒன்றாகவே ஏற்றிருக்கிறது. ஆகவே மருத்துவப் பணியாளர்கள் இங்கே கற்க வேண்டியவை பெரும்பாலும் பழக்கம் சார்ந்தவை. புருவத்தை உயர்த்தினால் 'ஆம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை' என்று அறிந்திருக்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மொழிபெயர்ப்பாளருக்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு மறுநாள் பதில் சொல்கிறேன் என்று நோயாளி சொன்னால், அந்த ஒரு நாளையும் சிகிச்சையின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.