33 வயதில் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில்



மாஸ்டர்ஸ் படிக்கும்போது ஒரு பாடத்தில் ஃபெயிலானேன். அடுத்த வருடம் என்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து அதையே திரும்பப் படித்தேன். அந்த வெட்கம் உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் இன்று இஞ்ஞாசியாரின் கதை.

ஸ்பெயின் நாட்டு லொயோலாவில் பிறந்தவர். பெரிய போர்வீரனாகப் பெயரெடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. எலும்பு கோணலாகப் பொருந்தி வெளியே துருத்தியது. இறுக்கமான பூட்ஸ் போட முடியாதே என்று, மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்தில் அதை அறுக்கச் சொன்னார்! அவ்வளவு அழகுப் பைத்தியம். ஆனாலும் ஆயுள் முழுக்க நொண்டித்தான் நடந்தார்.

படுக்கையில் வாசிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் இருந்தவை இயேசுவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். வேறு வழியில்லாமல் வாசித்தார். வீரக்கனவு கலைந்த பிறகு மனம் வெறுமையாக இருப்பதையும், இந்தப் புத்தகங்களை மூடிய பிறகும் நிம்மதி நீடிப்பதையும் கவனித்தார். அழைப்பு அங்கேதான் தொடங்கியது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மன்ரேசாவில் தற்கொலை எண்ணம் வரும் அளவுக்கு மனம் உடைந்தார். 1523இல் ஜெருசலேமிலேயே தங்கிவிடலாம் என்று போனார்; அங்கிருந்த துறவிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. பிறருக்கு உதவப் படிப்பு வேண்டும் என்று, 33 வயதளவில் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே மனம் பக்திச் சிந்தனையில் பறந்துவிடும். இதுவும் ஒரு சோதனைதான் என்று புரிந்ததும் ஆசிரியரிடம் போய், இரண்டு வருடமும் ஒரு வகுப்பையும் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பக்தியையே சாக்காக எடுக்காத அந்த நேர்மை பெரிது.

பிறகு அல்கலாவில் 42 நாள், சலமன்காவில் 22 நாள் சிறை. 1535இல், நாற்பது தாண்டிய பிறகு, பாரிஸில் மாஸ்டர்ஸ் முடித்தார். அங்கே அவருடைய அறைத்தோழர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய இயேசு சபையைத் திருத்தந்தை 1540இல் அங்கீகரித்தார். வீரமாமுனிவரும் பின்னாளில் அந்தச் சபையிலிருந்து வந்தவர்தான்.

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவரும் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.