தகவல் தந்தவர்களும் நூல் எழுதியவர்களும்

தஞ்சைக் கிராமங்களைப் பற்றிய இரண்டு நூல்களைச் சமூகவியல் மாணவர்கள் நாம் தவறாமல் படிக்கிறோம். 1951-இல் காத்லீன் கஃப் இங்கே வந்தார். 1961-இல் ஆந்த்ரே பெத்தேய் வந்தார். அக்ரகாரத்தில் தங்கியதால் சேரியோடு நெருங்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டிலும் நம் பாட்டன் பாட்டிகள் தகவலாக இருக்கிறார்கள், எழுதியவர்களாக இல்லை.

சேரிப் பிள்ளை ஆய்வாளராவதற்கு அறிவு மட்டும் போதாது. 1913-இல் பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்து அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. 1917-இல் அதே அரசில் பணியேற்றபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. சில நாட்களிலேயே ஊரைவிட்டு வெளியேறினார். தொகை இருந்தது, வேலை இருந்தது, சாதி குறுக்கே நின்றது.

2005-06-இல் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கு ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் இறந்த ரோகித் வெமுலா, தனக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

எனவே தோழர்களே, தேதி தவறாத உதவித்தொகை, சாதி பார்க்காத நெறியாளர், விடுதியில் இடம், பட்டத்துக்குப் பின் நிரந்தரப் பணி ஆகிய நான்கையும் சேர்த்தே கேட்போம். ஒன்று குறைந்தாலும் நம் பிள்ளைகள் பாதியில் ஊர் திரும்புவார்கள். நம் சேரியைப் பற்றி வேறு யாரோதான் எழுதுவார்கள்.