ஐந்து ராத்தல் சர்க்கரையும் 38,000 குடும்பங்களும்

அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் விட்டுவிடும்படி பிரிட்டானிய மக்களை வேண்டி வில்லியம் ஃபாக்ஸ் 1791இல் எழுதிய சிறுநூல், வாங்குவோரின் அறம் பற்றிய ஆய்வுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் விளக்கங்கள் குவிந்திருப்பது ஒரே வரியின் மேல்தான்: ஒவ்வொரு ராத்தல் சர்க்கரையோடும் இரண்டு அவுன்ஸ் மனித மாமிசத்தை உண்கிறோம் என்பது அது. அருவருப்பு, தீட்டு, உடலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பதற்றம் என்று அதை வாசித்து, சர்க்கரை மறுப்பே நடுத்தர வர்க்கம் தன் கையைக் கழுவிக்கொண்ட சடங்கு என்று முடிக்கிறார்கள். முதலாளியத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் கறை ஒன்றுதான், ஆகவே தேர்வுக்குப் பொருளில்லை என்போருக்கும் இந்த வாசிப்பே துணை நிற்கிறது.

வரியை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்ததால் வந்த முடிவு இது என்று கருதுகிறேன். அதையொட்டி ஃபாக்ஸ் ஒரு கணக்குப் போடுகிறார். வாரம் ஐந்து ராத்தல் சர்க்கரையும் அதற்கேற்ற ரம்மும் செலவிடும் ஒரு குடும்பம் 21 மாதம் அவற்றைத் தவிர்த்தால், ஒரு மனிதர் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும். எட்டுக் குடும்பங்கள் பத்தொன்பதரை ஆண்டு தவிர்த்தால் நூறு பேர். 38,000 குடும்பங்கள் தவிர்த்தால் பிரிட்டானியத் தீவுகளுக்கான அடிமை வணிகமே நின்றுபோகும். இந்த மூன்றாவது படியை முந்தைய ஆய்வுகள் ஏனோ அலங்காரமாகவே கடந்துவிட்டன. என் பார்வையில் நூலின் மையமே அதுதான். தூய்மையை நாடுபவருக்கு எண்ணிக்கை தேவையில்லை. அடுத்த வீட்டார் என்ன செய்தாலும் தன் கோப்பை சுத்தமாக இருந்தால் போதும். ஃபாக்ஸுக்கோ அடுத்த வீடும், அதற்கடுத்த வீடும் வேண்டியிருக்கிறது.

கணக்கு பிசகு என்று மறுக்கலாம். முதல் படியின் விகிதப்படி எட்டுக் குடும்பங்களால் பத்தொன்பதரை ஆண்டில் தடுக்கப்படுவோர் ஏறத்தாழ 89 பேர்தான், நூறு அல்ல. பிசகு உண்மைதான். அதனால் வாதத்தின் வடிவம் மாறிவிடவில்லை.

இக்கணக்கு நிற்கும் அடித்தளமும் தீட்டு அல்ல, ஏவல். அடிமை வணிகர், அடிமைகளின் உடைமையாளர், சவுக்கேந்திய கண்காணி ஆகிய மூவரும் சர்க்கரை வாங்குபவரின் முகவர்களே என்கிறார் ஃபாக்ஸ். பிறரைக் கொண்டு செய்வித்தது தானே செய்ததற்குச் சமம். அப்படியானால் வாங்க மறுப்பது கொடுத்த வேலையைத் திரும்பப் பெறுவது. அடிமை வணிகத்தை ஒழிக்கக் கோரி வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தை 1791 ஏப்ரலில் பிரிட்டானிய நாடாளுமன்றத்தின் கீழவை 163க்கு 88 என்று தோற்கடித்த பிறகு எழுதப்பட்ட நூல் இது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாக்குரிமையே இல்லாத பெண்களின் கையில் வீட்டுச் சர்க்கரைச் செலவு இருந்தது. சுமார் மூன்று லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை வணிக எதிர்ப்பாளர் கிளார்க்சன் மதிப்பிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கரீபியனின் பிரெஞ்சுக் குடியேற்றமான சாந்தொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததால் சர்க்கரை விலை ஏறியது. நுகர்வு குறைந்ததில் இந்த விலையேற்றத்தின் பங்கைப் பிரித்தறிவது கடினம். ஆனால் மறுப்பு எவ்வளவு வென்றது என்பதல்ல இங்கே கேள்வி, அது எத்தகைய செயல் என்பதுதான்.

தூய்மை வாசிப்பு உண்மையில் பொருந்துவது 1820களுக்கு. அப்போது 'வாங்காதே' என்பது 'இங்கே வாங்கு' என்று மாறியது. மேற்கிந்தியச் சர்க்கரைக்குப் பதிலாகக் கிழக்கிந்தியச் சர்க்கரையை முன்னிறுத்தியவர்களுள் முக்கியமானவரான லிவர்பூலின் ஜேம்ஸ் கிராப்பர் தாமே கிழக்கிந்திய வணிகர். சர்க்கரைக் கிண்ணங்களில் பொன்னெழுத்தில் வாசகம் பொறித்து விற்றார்கள்: உள்ளிருப்பது அடிமைகளால் விளைந்ததல்ல, ஆறு குடும்பங்கள் இப்படி மாறினால் ஓர் அடிமை குறைவாகத் தேவைப்படுவார். முதல் பகுதி கிழக்கிந்தியா முழுவதற்குமான உறுதிமொழி போல ஒலிக்கிறது. ஆனால் அந்நாளில் தஞ்சை, செங்கல்பட்டு வயல்களில் ஆட்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்கள் அடிமை உடைமையை ஏற்க மறுத்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகே. இரண்டாம் பகுதியில் இருப்பது ஃபாக்ஸ் போட்டதைப் போன்ற கணக்குதான், ஆனால் முதல் படி மட்டும். எத்தனை குடும்பங்கள் சேர்ந்தால் வணிகமே நிற்கும் என்ற எண் கிண்ணத்தில் இல்லை.