புறம்பாக வைத்த மேசையும் சுன்னாகத்துப் பந்தியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு தொடங்குமுன் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தோம். பொறுமையாக வாசியுங்கள்.

போன வருட நோன்பில் அயலவர்களை இப்தாருக்கு அழைத்திருந்தோம். வழமைபோல இறைச்சி போட்டுத்தான் கஞ்சி காய்ச்சினோம். சைவக்காரருக்கென்று ஒரு சின்னப் பானையில் புறம்பாகக் கஞ்சி, புறம்பாக ஒரு மேசை. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம். வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் அந்த மேசையைக் கண்டதும் கொஞ்சநேரம் நின்றார். “ஏன் மாஸ்ரர், எங்களுக்குப் புறம்பா?” என்று கேட்டார். விளக்கம் சொன்னோம். சிரித்துக்கொண்டே இருந்து சாப்பிட்டார். போகும்போதுதான் சொன்னார், சின்ன வயதில் தகப்பனோடு தேநீர்க்கடைக்குப் போனால் வெளியேதான் நிற்க வேண்டும், தேத்தண்ணி தகரப் பேணியில்தான் வரும் என்று.

அன்று இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. சரித்திரம் படிப்பிக்கிற நாங்களே எங்கள் ஊர்ச் சரித்திரத்தை மறந்துவிட்டுப் பந்தி வைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்துச் சைவச் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவோம். வாழையிலை, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி. அந்தச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது, யார் பக்கத்தில் யார் இருக்கலாம் என்ற கணக்கில். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் வாசலும் கடை வாங்கும் கலியாணப் பந்தியும் மூடியிருந்தன. பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள்.

இதை முதலில் வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களில் 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரசார் முக்கியமானவர்கள். பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது அதுதான். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் முன்னின்றார்கள். சாதி பார்க்காமல் ஒன்றாக இருந்து சாப்பிடும் சமபந்தி போசனத்தை அவர்கள் பேச்சோடு விடாமல் செய்தும் காட்டினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்களே. எங்கள் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிலும் அவர் பேசினார். அதன்பின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தது. வாங்கில் பிள்ளைகளைச் சமமாக இருத்தியதற்காக 1930 அளவில் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். ஆசிரியர்களாக இருக்கும் எங்களுக்கு இதை வாசிக்கும்போது இன்றும் மனம் பதறும்.

1957 இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை (1957 இன் 21 ஆம் இலக்கம்) நிறைவேற்றியது. சாதியின் பேரில் கடை, உணவகம், கோயில் போன்ற பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமானது. எம். சி. சுப்பிரமணியம் வழிநடத்திய சிறுபான்மைத் தமிழர் மகாசபை, யாழ்ப்பாண நகரத் தேநீர்க்கடைகளைத் திறக்கச் செய்யப் பாடுபட்டது. ஆனாலும் கிராமங்களில் பேணி மாறவில்லை. சட்டம் புத்தகத்திலேயே கிடந்தது.

அதை வீதிக்குக் கொண்டுவந்தது எங்கள் சுன்னாகம்தான். 1966 ஒக்டோபர் 21. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் சுன்னாகம் சந்தையடியில் கூடி, தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டார்கள். காங்கேசன்துறை வீதியால் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். சுன்னாகத்திலேயே பொலிஸார் மறித்துத் தடியடி நடத்தினார்கள். பலருக்குக் காயம். ஆனால் போராட்டம் அதோடு அடங்கவில்லை. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று தேநீர்க்கடைக் கதவுகளுக்கு முன் போராட்டம் நடந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலுக்கும் போனது. உயிர்களும் போயின. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மற்றவர்களோடு வாங்கில் இருந்து குடிப்பதற்காக!

இன்று நாங்கள் மரக்கறி வாங்கப் போகிற அதே சந்தைதான். அந்த நாளைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். தொழுகை வரிசையில் எங்களுக்குள் மேல் கீழ் இல்லை என்று சொல்லிக்கொள்வோம். அந்த ஒழுங்கு எங்கள் சாப்பாட்டு வரிசையிலும் இருக்கவேண்டாமா? புறம்பாக வைப்பதென்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தார்கள். பலர் புத்தளத்து முகாம்களில் வாழ்க்கையைத் தொடங்கினோம். காலம் கழித்துத் திரும்பி வந்தபோது, அடுப்பு மூட்டுமுன்னே அயல் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் மரக்கறியும் வந்தன. ஹலாலா என்று கேட்க வேண்டிய தேவை எங்களுக்கும் இல்லை, கொடுக்கலாமா என்ற கூச்சம் அவர்களுக்கும் இல்லை. மரக்கறிச் சாப்பாட்டின் அருமை எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

கொழும்பில் படிக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தியிடம் போன வருடக் கதையைச் சொன்னோம். “ஒரே பானையா வையுங்கோ சேர், வீகனா” என்றாள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன்கூட இல்லாத சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். 1944 இல் இங்கிலாந்தில் உண்டான சொல். இப்போது பெரிய நகரங்களில் விருந்துகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் சைவச் சாப்பாட்டில் தயிரும் நெய்யும் உண்டு, ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் கூழை நினைத்துப் பாருங்கள். அரிசிமா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய அந்தக் கூழுக்கு மாட்டுப்பால் தேவையே இல்லை. நோன்புக் கஞ்சியும் அதற்குச் சொந்தக்காரன்தான். அரிசி, பயறு, வெந்தயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, தேங்காய்ப்பால். இறைச்சியை விட்டால் எல்லோருக்கும் ஆகும்.

ஆகவே இந்த நோன்பில், இன்ஷா அல்லாஹ், அயலவரை அழைக்கும் நாளில் ஒரே பானைதான். இறைச்சி இல்லை. மேசையும் ஒரே வரிசைதான். ருசி குறையும் என்று எங்கள் ஆட்களில் சிலர் முறையிடுகிறார்கள். ஒருநாள் குறையட்டும், மற்ற இருபத்தொன்பது நாளும் வீட்டில் இறைச்சிக் கஞ்சி குடிக்கலாம். அந்த ஐயாவுக்கு முதல் அழைப்பை நேரில் போய்ச் சொல்லிவிட்டோம்.

ஒரு வேண்டுகோள். 1966 இல் சந்தையடியில் நின்றவர்கள், கண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். அவர்கள் போனால் அந்தக் கதையும் போய்விடும்.