எண்ணும் எழுத்தும்: ஆசிரியர் பயிற்சி
கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதுகெலும்பு இந்த ஆசிரியர் பயிற்சி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் நடத்துவது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இருந்தது. 2023இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

பல வகுப்புகள் ஒரே அறையில் அமரும் சிற்றூர்ப் பள்ளிகளில்தான் இப்பயிற்சியின் அருமை புரியும். இத்திட்டத்தில் எந்த வகுப்பு என்று பாராமல், கற்றல் நிலையைக் கொண்டு பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகின்றனர். எழுத்தறியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் அமர்ந்து, கூச்சமின்றி முதலெழுத்திலிருந்தே தொடங்கலாம். ஒரே பாடலைப் பாடிக்காட்டி, ஒருவருக்கு எழுத்தையும் இன்னொருவருக்குச் சொல்லையும் மற்றவருக்குத் தொடரையும் எடுத்துக் கொடுப்பது எளிதல்ல. ஆசிரியர் பழகவேண்டியது அதைத்தான்.