காந்தக் கம்பியினுள் ஒரு வேலி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணிக்குக் காணி வேலி உண்டு. பழைய கிடுகைக் கழற்றி வேலி அடைக்கும் வேளையில் கதியால் ஒரு சாண் நகர்ந்துவிட்டால், ஒருவர் காணி பெருகும். அயலவர் காணி அந்த அளவுக்குச் சுருங்கும். மண் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லை மாத்திரம் போய்விடும். அதன் பொருட்டு நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் பல. இரும்பினுள்ளே நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே.

இரும்புத் துண்டு சிறுசிறு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கின்றதென்றும், ஒவ்வொன்றும் தன்னளவில் முழுக் காந்தமென்றும், திசைகள் மாறுபட்டிருப்பதால் ஒன்றின் வலிமை மற்றொன்றால் ஈடாகின்றதென்றும் பிரெஞ்சு அறிஞர் பியர் வைஸ் 1907ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கண்ணாற் காணாத இப்பகுதிகள் 1919இல் காதுக்குப் புலனாயின. ஜேர்மனியரான ஹைன்ரிக் பார்க்ஹவுசன் கம்பிச் சுருளினுள் இரும்பை வைத்துக் காந்தத்தை மெல்ல அருகே கொணர்ந்தார். பெருக்கியோடு இணைத்த செவிக்கருவியில் சலசலவென ஓசை எழுந்தது. எல்லைகள் தடைபட்டும் பாய்ந்தும் நகர்வதன் ஓசையே அது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வானொலி நேயர்க்கு இச்செய்தி இனிக்கும்.

1931இல் அமெரிக்காவில் சிக்ஸ்டசும் டொங்சும் நிக்கல் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, எல்லை ஓடும் வேகத்தை அளந்தனர். அடுத்த ஆண்டு பீலிக்ஸ் புளொக் அதன் உள்ளமைப்பை விளக்கினார். எல்லையானது தடிப்புடைய சுவர். அணுக்காந்தங்கள் ஒரே தாவலில் திசை மாறாது, வரிசை வரிசையாகச் சிறிது சிறிதாய்த் திரும்புகின்றன.

கம்பி மெலிந்தால் சுவரின் உருவமே வேறாகும். மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கே நனோமீற்றர். சில நூறு நனோமீற்றர் அகலமுள்ள மெல்லிய கீற்றுகளை 1997இல் மக்மைக்கேலும் டொனஹியூவும் கணித்தாராய்ந்தனர். கீற்று ஒடுங்கியதாயின் சுவரிலுள்ள காந்தங்கள் குறுக்காகத் திரும்பி நிற்கும். அகலமும் தடிப்பும் மிகுந்தால் நீர்ச்சுழிபோற் சுழன்று நிற்கும்.

இத்தகைய கம்பியிலே சுவர்களை வரிசையாக நிறுத்தி, மின்துடிப்பால் முன்னும் பின்னும் நகர்த்தித் தகவல் சேமிக்கும் திட்டத்தை 2008இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டூவட் பார்க்கின் விரித்துரைத்தார். இங்கே சுவர் இடம் தப்பினால் எழுத்தும் தப்பிவிடும். வலிந்து தள்ளினால் விரையும் என்றும் நம்புவதற்கில்லை. 1974இலேயே ஷ்ரையரும் வோக்கரும் காட்டியபடி, உந்துவிசை ஓரளவைக் கடந்ததும் சுவர் தன் உருவை மாற்றி மாற்றிக்கொண்டு வேகத்தை இழக்கின்றது. கம்பி ஓரத்துச் சிறு கரடும் அதைப் பற்றி நிறுத்திவிடும். அக்குறையையே பயனாக்கி, ஓரங்களில் வேண்டிய இடத்திற் பள்ளம் வெட்டுவோர் உளர். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எஸ். என். பிரமநாயகம் முதலியோர், கம்பியின் உருவைக் கெடாது விட்டு, இடையிடையே அதன் காந்தத் தன்மையை மாற்றிச் சுவருக்குக் கதியால் நடுகின்றனர்.