ஏலத்துக்கு வந்த கபடி

தமிழ்நாட்டுக் கபடி வீரருக்கு ஒப்பந்தம் என்பது நெடுங்காலம் ரயில்வே, காவல்துறை போன்ற துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் அளித்த நியமன ஆணையாகவே இருந்தது. அணி மாறுவதென்றால் வேலையும் மாற வேண்டும் என்பதால், பேரம் பெரும்பாலும் நிரந்தரச் சம்பளத்தைச் சுற்றியே நடந்தது. 2014 மே மாதம் மும்பையில் நடந்த புரோ கபடி லீக்கின் முதல் ஏலம் ஆட்டத்துக்கென்றே தனி விலை குறித்தது. அதில் ராகேஷ் குமாரைப் பாட்னா அணி 12.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்ததே உச்சம். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் தலைவராகப் பாட்னாவுக்குக் கோப்பை வென்று தந்தும், அடுத்த ஆண்டே புனே அணிக்குப் பெயர்ந்தார்.

ஏலமில்லாத ஐரோப்பியச் சாலை மிதிவண்டிப் பந்தயத்தில் வீரர் தம் முகவர் வழியே அணிகளுடன் நேரே பேசுவார், ஒப்பந்தம் முடியும் ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் புதிய அணி அறிவிக்கப்படும். கபடியிலோ அடிப்படை விலை, அதாவது கேட்பு தொடங்கும் தொகை, குறிக்கப்பட்டபின் வீரர் வாய் திறக்க இடமில்லை. இந்த ஏல முறையைச் சந்தை என்று இகழ்வோர், பழைய நியமன ஆணையும் வீரரைக் கட்டியே வைத்திருந்ததை மறந்துவிடுகின்றனர். 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்க முயன்று முழங்காலில் காயமுற்றுத் தொடர் முழுவதையும் இழந்தார். அப்படியிருந்தும் மறு ஆண்டு ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கு 2.605 கோடி கொடுத்தது.